பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா சொன்னது

1974, கார்த்திகை, ஞாயிறு.

இன்று பொள்ளாச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "ஏனுங்க, காலேஜில சிறுதொழில் படிச்சா என்ன உத்தியோகமுங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.

இந்தப் படிப்பே வேண்டாமென்று என்னோடு பேசாமல் இருந்த அப்பாதான் பதில் சொன்னார்.

"உத்தியோகமில்லீங்க. எம் புள்ள கடலை எண்ணெய் மில்லு வெக்கப் போகுதுங்க. கல்யாணத்துக்கப்புறமும் அத நடத்தோணும்."

அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அம்மா இன்னும் அழுகிறாள். எனக்கு அந்த மாப்பிள்ளை போனதில் வருத்தமில்லை. ஆனால் மில் பற்றி அப்பாவிடம் ஒரே ஒரு முறை, அதுவும் விளையாட்டாகத்தான் சொல்லியிருந்தேன்.

சாப்பிட்டதும் அப்பா, "மில்லு வெக்கக் கெணத்து மேட்டுல எடம் போதுமா கண்ணு?" என்று கேட்டார்.

போதும் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.