தானாக வர வேண்டிய மூச்சு

அன்பு மனைவிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நான் உன்னை மட்டுமே கூப்பிடும் அந்தச் செல்லப் பெயரில், நேற்று நாலு பேர் முன்னால் ஒரு நாயைக் கூப்பிட்டுவிட்டேன். மற்றபடி நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் கால்நடை ஆஸ்பத்திரியில் அந்த நாய்க்கு வயிற்றில் ஆபரேஷன். மயக்கத்தில் இருக்கும்போது அதற்கு மூச்சுக் கொடுக்கும் மெஷின் என் பொறுப்பு. பாவமே என்று நான் மூச்சைத் தாராளமாகக் கூட்டி வைத்துவிட்டேன். தையல் முடிந்து மெஷினை நிறுத்தினால், நாய் தானாக மூச்சே விடவில்லை.

டாக்டரம்மா முறைத்தார். "ஊட்டிக்கிட்டே இருந்தா அதுக்கு எப்படிங்க பசிக்கும்? இனிமே மெஷின்ல இருக்கிற மூச்சுப் பையைக் கையால அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் அமுக்குங்க. மூச்சு வேணும்னு அதுக்கே தோணட்டும்."

அப்படியே அமுக்கினேன். இந்த ஊரில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சுப் பேசி மூன்று வாரமாகிறது. நாயிடம் குனிந்ததும் மடை திறந்துகொண்டது. நம் வீட்டுக் குழாய் ஒழுகுவதில் தொடங்கி உன் தம்பியின் தொப்பை வரை சொல்லி, அந்தச் செல்லப் பெயரில் கூப்பிட்டுக் கெஞ்சினேன். ஐந்தாம் நிமிடம் அதன் மார்பு தானாக ஏறி இறங்கியது.

"உங்க குரலுக்குத்தான் முழிச்சிருக்கு!" என்றாள் நர்ஸ். நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

ஒரு உதவி. போனில் பேசி முடித்ததும் உடனே துண்டிக்காதே. அப்படியே சமையல் மேடையில் வை. நீ பாத்திரம் கழுவும் சத்தத்தையாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆபரேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: நாயை அழைத்துப்போக வந்தவர் சொன்னார், அதற்குப் பிறவியிலேயே காது கேட்காதாம்.