காப்புக் கட்டிய கையோடு பரீட்சைக்கு

வாஷி, பரீட்சை நடக்கும் காலேஜ் வாசல்
வைகாசி மாதம், அம்மன் கோயில் கொடைக்கு முந்தின நாள்

என் ராசா நாகராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சியும் நல்ல சுகம். மஸ்கட்டில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி போட்டு, யாரோடும் வம்பு வளர்க்காமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எங்களுக்குச் சோறு இறங்குகிறது. போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ ஊம், ஊம் என்கிறாய், கதை சூடு பிடிக்கும்போது உனக்கு டியூட்டி வந்துவிடுகிறது. இன்றைக்கு என்னை யாரும் அவசரப்படுத்த முடியாது. உன் தங்கச்சி மாரிசெல்வி உள்ளே சி.இ.டி. எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் வெளியே மரத்தடியில் மற்ற அம்மா அப்பாமாரோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு மராத்தி அம்மா கண்ணை மூடி முணுமுணுக்கிறாள், பக்கத்தில் ஒரு பெரிய மனுஷர் தெர்மாஸைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார், குடிக்கிற பாட்டைக் காணோம். ஒருத்தரும் ஒருத்தரோடு பேசுவதில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா, அதனால்தான் உன்னோடு பேசுகிறேன். நல்லவேளை, உன்னை ஏழாவது வரை தமிழ் ஸ்கூலில் போட்டோம். அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், முதல் வரியைத் தாண்டுவதற்குள் சலித்துப்போய்க் கீழே வைத்துவிடுவாள். ஆகவே அவளைப் பற்றித் தைரியமாக எழுதலாம்.

அவளுக்கு மருந்துப் படிப்பு படிக்க ஆசை என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பன்னிரண்டாவது மார்க் மட்டும் போதாதாம், இந்தப் பரீட்சையும் எழுதினால்தான் காலேஜாம். மாட்டுங்காவிலிருந்து ஷ்ருதி என்று ஒரு பெண், பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், பாங்கில் வேலை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு நம் சந்துக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். சங்கத்து ஹாலில் நடந்த வகுப்பு, கொடைக்குப் பந்தல் போட்டு மைக் கட்டியதும் நம் வீட்டு மேல்தட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் மேலே குனிந்துகொண்டு படிக்க, நான் கீழே கார்கானாப் பட்டறையிலிருந்து வந்த பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டே காதை அங்கே வைத்திருப்பேன். ஒரு கேள்விக்கு நாலு விடை போட்டிருக்குமாம், ஒன்றுதான் மெய், மற்ற மூன்றும் பொய். எனக்கு மெய்யான விடையைப் பற்றிக் கவலையில்லை ராசா, அந்த மூன்று பொய்யையும் யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள் என்பதுதான் மண்டையைக் குடைந்தது. தையலை நிறுத்திவிட்டுக் கேட்டேவிட்டேன். ஷ்ருதி சிரித்துவிட்டு, "மாமி, அதெல்லாம் சும்மா போடறதில்லை, குழந்தைகள் எங்கெங்க தப்பு பண்ணும்னு யோசிச்சு, அந்தத் தப்பையே விடையா வெச்சிருப்பா" என்றாள். பார்த்தாயா அநியாயத்தை. முன்னே பின்னே பார்த்திராத ஒருத்தர் ஏதோ ஒரு ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து என் மகள் எங்கே சறுக்குவாள் என்று யோசிக்கிறார். பெற்ற நான் கூட அவளைப் பற்றி அவ்வளவு யோசித்ததில்லை. தப்பாக எழுதினால் இந்தப் பரீட்சையில் மார்க் குறைக்க மாட்டார்களாம், அதனால் தெரியாததையும் விடாமல் ஏதாவது ஒன்றை அமுக்கு என்று ஷ்ருதி தலைப்பாடாக அடித்துச் சொல்லியும் உன் தங்கச்சி கேட்பதில்லை, தெரியாததைத் தெரிந்தமாதிரி எப்படிக்கா அமுக்குறது என்று காலியாகவே விட்டுவிடுவாள். அசல் உன் அப்பா. ஒருநாள் தாஹிர் பாயின் கம்ப்யூட்டர் கடையில் ஒத்திகைப் பரீட்சை வைத்தார்கள். போனிலேயே வளர்ந்த பிள்ளைகள் அல்லவா, மவுஸை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கண்ணாடியை விரலால் தேய்க்க, அவர் "அரே பாபா, ஹாத் ஹடாவ்" என்று, கையை எடுக்கச் சொல்லிக் கத்தினாராம். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரித்த வாய் மூடுவதற்குள் வந்தது வம்பு. பரீட்சை நல்லபடியாக நடந்தால் முளைப்பாரி எடுக்கிறேன் என்று இவள் நம் அம்மனிடம் நேர்ந்திருந்தாள். பரீட்சைத் தேதி எப்படியும் கொடைக்கு அப்புறம்தான் இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, நேர்ச்சையை முன்கூட்டியே செலுத்திவிடலாம் என்று போன செவ்வாய்க்கிழமை காப்பும் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டினால் கொடை முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுநாளே ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பரீட்சை கொடைக்கு முந்தின நாள், இடம் வாஷி. கடல்கழியைத் தாண்டிப் போக வேண்டும். உன் அப்பா ஒரே வார்த்தையில், காப்பை அவிழ்த்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார். அவளோ கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அவுத்துட்டுப் போனா அம்மன் சும்மா விடுவாளா? அடுத்த வருசம் எழுதிக்கிடுதேன், என்ன விட்ருங்க" என்று மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பரீட்சைக்காக நேர்ந்தாளோ அந்தப் பரீட்சையையே நேர்ச்சை தடுக்கிறது. பொய் விடை யோசிக்கிற அந்த ஆபீஸ்காரர்கள் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒரு தப்பை யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு வருஷமாக விளையாட்டு, சினிமா எல்லாம் விட்டுப் படித்த பிள்ளை. அடுத்த வருஷம் என்று சொல்லி உட்கார்ந்த பெண்பிள்ளைகள் நம் சந்தில் எத்தனை பேர், அதில் யார் திரும்பப் புத்தகத்தைத் தொட்டார்கள், நீயே சொல். அவளைத் திட்டவும் முடியவில்லை, அம்மனைத் திட்டவும் பயமாக இருந்தது. அழுதேன் ராசா, மறைப்பானேன்.

அந்த நேரத்தில்தான் ஷ்ருதி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த எல்லை எங்கே இருக்கு மாமி?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், கொடை தவறியதில்லை, எல்லை எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை, முந்தானையைச் செருகிக்கொண்டு விசாரிக்கக் கிளம்பிவிட்டேன். பேராச்சி அக்கா, தொண்ணூறு அடி ரோடுதான் எல்லை என்றாள். அவள் வீட்டுக்காரர், இல்லை, சயான் ஸ்டேஷன் என்றார். இரண்டு பேருக்கும் அங்கேயே சண்டை. சங்கத்துத் தலைவர் பிரம்மநாயகம் அண்ணாச்சியிடம் கேட்டால், ஊரில் கால்வாய்தான் எல்லை, இங்கே மேளச் சத்தம் கேட்கிற மட்டும் என்றார். மைக் கட்டிய மேளமா, கட்டாத மேளமா என்றேன். முறைத்தார். இப்படிப் பேசிக்கொண்டு நிற்கும்போதே நம் பூலோகம் மாமா டெம்போவை நிறுத்தி, கொடைக்கு வாங்கிய வாழைத்தாரை இறக்குகிறார். அவர் கையிலும் மஞ்சள் காப்பு. சாமியாடி ஆயிற்றே, முதல் காப்பே அவருக்குத்தானே. "எங்கேருந்து அண்ணாச்சி வாரிய?" என்று கேட்டேன். "வாஷி மார்க்கெட்டுலருந்துதாம்மா, தெனமும் போறதுதான" என்றார். பிரம்மநாயகம் அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே! காப்புக் கையோடு ஆண்பிள்ளைகள் வருஷா வருஷம் குர்லாவுக்கும் அந்தேரிக்கும் டியூட்டிக்குப் போய்வருகிறார்கள், ஒருத்தரும் அதை எல்லை தாண்டியதாக நினைத்ததே இல்லை. "அவன் அம்மனுக்கு வாழைத்தாரு வாங்கல்லா போறான்" என்று அண்ணாச்சி இழுத்தார். "இவ அம்மன்ட்ட கேட்டத வாங்கப் போறா" என்று நானும் சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைசியில், சாயங்காலம் முளைப்பாரிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்துக்குள் பிள்ளை திரும்பிவிட வேண்டும் என்று அண்ணாச்சி உத்தரவு கொடுத்தார். சாமியாடியே தன் டெம்போவில் கூட்டிப் போகிறார் என்றதும் மாரிசெல்வியும் எழுந்து முகம் கழுவினாள்.

இன்றைக்கு விடிந்ததும் பூலோகம் மாமா டெம்போவில், காலிக் கூடைகளுக்கு நடுவில், நாங்கள் இரண்டு பேரும் வந்து இறங்கினோம். வாசலில் காக்கி போட்ட ஒரு மராத்திப் பெண் எல்லாருடைய கையையும் காதையும் தடவிப் பார்த்து, கயிறு, வளையல் எல்லாம் கழற்றச் சொல்கிறாள். மாரிசெல்வி முறை வந்ததும் நான் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முடிச்சில் இருக்கும் மஞ்சள் துண்டை விரலால் அமுக்கினாள், குனிந்து மோந்துகூடப் பார்த்தாள். "ஹளத் ஆஹே கா?" என்றாள். மஞ்சள்தான் என்று இவள் தலையாட்டினாள். என்ன நினைத்தாளோ மகராசி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்று அவளிடமே போய்க் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. பிள்ளை வெளியே வந்தபிறகு கேட்கலாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். கதவைத் திறக்கிறார்கள், மீதியை வீட்டில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். தண்ணீர் ஊற்றும் நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டோம். எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, பரவாயில்லை, கொஞ்சம் கஷ்டம், ஆனால் ஒன்றைக்கூட விடவில்லை என்றாள். தெரியாததை என்னட்டி பண்ணினே என்றேன். "காப்பைப் பாத்துக்கிட்டே ஏதோ ஒண்ண அமுக்கிட்டேம்மா" என்று சொல்லி வெட்கப்பட்டாள். பாஸோ, பெயிலோ, அது ரிசல்ட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். எழுதிவிட்டாள், எனக்கு அது போதும். திரும்பும்போது கழிப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. சும்மா இருக்க முடியாமல், வாஷி எல்லைக்குள் என்றால் மஸ்கட் எப்படி என்று பூலோகம் மாமாவிடம் கேட்டேன். செம்பூர் தாண்டியபிறகு, "தூரத்த எல்லாம் அம்மன் பாக்க மாட்டா தாயி, போனவன் திரும்பி வாரானான்னுதான் பாப்பா" என்றார். மாரிசெல்வி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், நல்லவேளை, நான் கண்ணைத் துடைத்ததை அவள் பார்க்கவில்லை.

நீ இல்லாமல் எத்தனை கொடை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணெய்ப் பலகாரம் குறை, அப்பாவுக்குத் தனியாக ஒரு போன் போடு, அவர் கேட்க மாட்டார், ஆனால் காத்திருக்கிறார். அடுத்த கொடைக்கு இப்போதே லீவு சொல்லி வை. அம்மன் காலடியில் வைத்து எடுத்த மஞ்சள் கயிறு ஒன்றை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். வலது கையில் கட்டிக்கொள். கட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். நோய்நொடி இல்லாமல் நூறாண்டு நீ நல்லா இருக்க வேண்டும், அம்மன் உன் முன்னும் பின்னும் நிற்பாள்.

வாசலைப் பார்த்திருக்கும்
உன் அம்மா
இசக்கிசெல்வி