பேசாலைக் கரையில் நின்றுபோன பயணம்

உப்புக்குளத்தில், நம் மகன் வீட்டுக்கு அடுத்த வளவில் இன்று மீன் காயப் போட்டிருக்கிறார்கள். காலையில் யன்னலைத் திறந்ததும் கருவாட்டு மணம் அறைக்குள் வந்தது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாத்த வந்தாள். "இருக்கட்டும்மா" என்றேன். அந்த மணத்தோடு நான் பேசாலையில் உங்கள் பக்கத்தில் போய்க் கிடந்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

உங்கள் அம்மாவும் தம்பியும் இந்தியப் பிரஜைகளாகித் தலைமன்னாரில் கப்பலேறியபோது, இலங்கைப் பிரஜையான நீங்கள் மட்டும் கரையில் நின்றீர்கள். "பின்னாலயே வந்துர்றேம்மா" என்று அன்று சொன்னதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, பாப்பாமோட்டையில் காடு வெட்டி வயலாக்கி, என்னையும் கட்டிக்கொண்டீர்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு சண்டை வந்தது. கப்பலும் நின்றது.

சனம் மீன்பிடிப் படகுகளில் இந்தியாவுக்கு ஓடத் தொடங்கியபோதுதான் உங்கள் முகத்தில் வெளிச்சம் கண்டேன். "இதான் புள்ள சமயம். ஷெல்லுக்கும் தப்பலாம், அம்மாவையும் பாக்கலாம்" என்றீர்கள். முன்னே போன ஒருவரிடம், நாம் வருகிறோம் என்று கூடலூரில் இருந்த தம்பிக்குச் சேதியும் சொல்லி அனுப்பினீர்கள்.

புறப்படும்போது எனக்கு ஒன்றுமில்லை. மன்னார்ப் பட்டினத்தைத் தாண்டியதும் முதுகில் குளிர் ஏறியது. உச்சி வெயிலில் பல் கிட்டியது. பேசாலையில் படகுக்குக் காத்திருந்த கரையோர வீட்டு முற்றத்தில், காய்ந்துகொண்டிருந்த கருவாட்டுக்குப் பக்கத்தில் என்னைக் கிடத்தி, உங்கள் சாரத்தால் போர்த்தினீர்கள். மலேரியா.

மாலையில் படகுக்காரர் வந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. இந்தப் பிள்ளையை நான் ஏத்தமாட்டன். நடுக்கடல் மணல்திட்டிலதான் இறக்கிவிடுவம். அங்கால, இந்தியாவில இருந்து ஆக்கள் எப்ப வந்து எடுப்பாங்களெண்டு தெரியாது. குடிக்கத் தண்ணியுமில்லை. பிள்ளை தாங்காது."

"நீங்க போங்க" என்றேன். "அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க. சுகமானதும் அடுத்த படகுல நான் வர்றேன்."

வீட்டுக்கார அக்காவும் சொன்னார்: "ஓம், நீங்கள் போங்கோ. தங்கச்சியை நான் பாக்கிறன்."

நீங்கள் போனீர்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பையைப் படகில் வைத்ததை நான் பாயில் கிடந்தபடியே பார்த்தேன். எல்லோரும் ஏறினார்கள். நீங்கள் படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றீர்கள். படகுக்காரர் ஏதோ கேட்டார். பிறகு பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பி நடந்தீர்கள்.

அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்தது. துக்கமா, ஆறுதலா என்று இன்றுவரை தெரியவில்லை. "காய்ச்சல் சுகமானதும் வருவோம்னு படகுல ஒருத்தர்கிட்ட சொல்லி விட்டிருக்கேன்" என்று சொல்லி, என் தலைமாட்டில் உட்கார்ந்தீர்கள்.

நான் எழுந்து நடக்கும்போது கடலில் கடற்படை நின்றது. படகுகள் ஓடவில்லை. பாப்பாமோட்டைக்கே திரும்பினோம். அம்மா இறந்த செய்தி மட்டும் யார் யாரோ வாய்வழியாக மாதக்கணக்கில் அலைந்து வந்து சேர்ந்தபோது நீங்கள் வயலில் நின்றீர்கள். வரம்பில் குந்தியவர் பொழுது சாயும்வரை எழும்பவில்லை. "என்னாலதானே?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் என்ன, கேட்டுக்கிட்டா வருது?"

அதற்குமேல் நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான்தான் மனதுக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சண்டை ஓய்வதற்குள், ஓர் இடப்பெயர்வில், நெஞ்சு வலி என்று சொன்னீர்கள், அன்றே போய்விட்டீர்கள்.

போன வருஷம் மகன் என்னைக் கூடலூருக்குக் கூட்டிப்போனான். உங்கள் தம்பிக்கு உங்கள் சாயல். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"அண்ணன் வருதுன்னு சேதி வந்ததும் அம்மாவ மண்டபம் அகதி முகாமுக்குக் கூட்டிட்டுப் போனேன், அண்ணி. கரையேறுன ஒவ்வொருத்தரையும் புடிச்சு, எம்மகனப் பாத்தீங்களான்னு கேட்டுச்சு. யாருக்கும் தெரியல. அண்ணன் கடல்ல போயிருச்சுன்னே அம்மா நெனச்சிருச்சு. கடைசி வரைக்கும் அதான் பேச்சு."

படகில் சொல்லிவிட்ட சேதி அவர்களை எட்டவே இல்லை. எதிர்க்கரையில் உங்களுக்காக அம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நாட்களில், நீங்கள் எனக்குக் காய்ச்சல் குளிசை கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். இது தெரியாமலே நீங்கள் போனது நல்லது என்று நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பாரத்தை நான் ஒருத்தி சுமந்தால் போதும்.

மறுநாள் அம்மாவைப் புதைத்த இடத்தைத் தம்பி காட்டினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு மண்மேடு. அவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டுக் குனிந்து, மண்ணில் கை வைத்துச் சொன்னேன்:

"அத்தை, அவரு கடல்ல போகல. எனக்குக் காய்ச்சல். அதான் கரையிலயே நின்னுட்டாரு."

நீங்கள் போய்ச் சொல்லியிருக்க வேண்டியது. நான்தான் சொன்னேன்.