காலுறைக்குள் இருந்த மவுத் கார்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது முழு உண்மை இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே ஒரு சிரிப்புச் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரி வரை என்னிடமிருந்து தப்ப முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட ஹாக்கி ஆட்டத்தில் என் மகளுக்கு, உன் செல்ல மருமகளுக்கு, முன்பல் போய்விட்டது. மேல் வரிசையில் ஒன்று வேரோடு வந்துவிட்டது. பக்கத்துப் பல் மூலையில் உடைந்திருக்கிறது. உதட்டில் மூன்று தையல். பதறாதே, தாடைக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிரணிப் பெண் ஓங்கி அடித்த பந்து இவள் மட்டையில் பட்டு எகிறி நேராக வாய்க்கு வந்திருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண் இவளைவிட அதிகமாக அழுதாளாம்.

யாரையும் குறை சொல்ல முடியாது என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல் எரிச்சலாக வருகிறது. முதலில் அந்த விளையாட்டு ஆசிரியர். விழுந்த பல்லைப் புல்லில் தேடி எடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் எடுத்ததைக் குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டு, வேரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, டிஷ்யூ பேப்பரில் மடித்து, நான் போய்ச் சேர்ந்ததும் ஏதோ பரிசு கொடுப்பதைப் போல என்னிடம் நீட்டினார். வேரைத் தொடாதீர்கள், பாலில் போட்டு வையுங்கள், உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள் என்று பெரிய எழுத்தில் அச்சடித்துப் போன வருடம் அவர் அறைச் சுவரில் நானே ஒட்டிவிட்டு வந்தேன். இப்போது அதன் மேலே போட்டி அட்டவணை ஒட்டியிருக்கிறது. கேட்டால், "சுத்தமா இருக்கணும்னுதான் மேடம் கழுவினேன்" என்கிறார். அந்த மனிதரை என்ன செய்வது, நீயே சொல்.

டாக்டர் பல்லைத் திரும்ப வைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறார். பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டால் கையை விரிக்கிறார். வேர் அவ்வளவு நேரம் காய்ந்து கிடந்திருக்கக் கூடாதாம். நான் அவரிடம் வருகிறவர்களுக்கு இத்தனை வருடமாகப் பல் செட் செய்து கொடுக்கிறவள், என்னிடம் நைச்சியமாகப் பேச அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பல் நிற்காது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

உன் அத்தான் வேறு தன் பங்குக்கு மட்டையைத் தூக்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். இனி ஹாக்கியே கிடையாது என்று சட்டம். அப்பாவும் மகளும் பேச்சுவார்த்தை இல்லை. விளையாடாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைதானத்தில் இருக்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்கும் வராது.

ஆடும்போது பல்லுக்குக் காவலாக வாயில் மாட்டுகிற மவுத் கார்டு எங்கே போனது என்று கேட்பாய். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் ஷூவைக் கழற்றினேன். காலுறைக்குள் இருந்து விழுந்தது. நான் அச்செடுத்து, வார்த்து, இழைத்துச் செய்தது. பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு, அடிபட்ட பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். "மாமா போட்டதே இல்ல. அவருக்கு ஒண்ணும் ஆகலையே."

அந்தச் சீட்டை இன்னும் பையில் வைத்திருக்கிறேன் தம்பி.

நீ விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாய். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது, சும்மாவே ஆடினோம்" என்று நீ போனில் இவளிடம் அளந்துவிட்டதைப் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதினேழு வயதில் மட்டை பட்டு முன்பல் மூன்று போய், ஒரு மாதம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தவன் யார்? அப்போதுதான் நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். நான் செய்த முதல் செட் உன்னுடையதுதான். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். உன்னைக் கட்டிக்கொண்டவளுக்கே கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும். இங்கே வரும்போதெல்லாம் நீ பல் செட்டைச் சோப்பு டப்பாவுக்குள் ஒளித்துவைப்பதும், அதில் என்ன இருக்கிறது என்று இவள் கேட்டால் நான் ஏதாவது சொல்லி மழுப்புவதும் நமக்குப் பழகிவிட்டது.

உன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க மாட்டேன். என் தப்பையும் எழுதிவிடுகிறேன். அந்த மவுத் கார்டு போன வருடத்தது. வளர்கிற பிள்ளை, வாயும் வளரும் என்று ஊரில் உள்ள அம்மாக்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். "அம்மா, இடிக்குது" என்று இவள் இரண்டு தடவை வந்து சொன்னாள். அப்போது வேறொரு பள்ளிக்கூடத்துக்கு அணி மொத்தத்துக்கும் செய்துகொண்டிருந்தேன். மேஜை முழுக்க யார் யார் பல் வார்ப்போ. போடப் போடச் சரியாகிவிடும் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினேன். அவளிடம் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்னும் ஒரு வாரத்தில் கம்பியை எடுப்பார்கள். எடுத்ததும் புதிதாக அச்செடுத்துச் செய்துவிடுவேன். அத்தானையும் எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஆனால் அவள் போட மாட்டேன் என்கிறாள். அதைப் போட்டால் கத்திக் கூப்பிட முடியவில்லையாம், மாமா மாதிரி ஆட வேண்டுமாம். டாக்டர் சொல்லியாயிற்று, நான் சொல்லியாயிற்று, ஒன்றும் ஏறவில்லை. அடுத்த பந்து மிச்சம் இருப்பதையும் கொண்டுபோய்விடும்.

நீ ஆப்பிளைக் கடிக்காமல் கத்தியால் மெல்லிசாக நறுக்கிச் சாப்பிடுவாயே, அது ஏதோ ஸ்டைல் என்று நினைத்து இவளும் அப்படியே நறுக்கித்தான் இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறாள். நேற்று ஒரு ஆப்பிளையும் கத்தியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். இனி அவளுக்கும் கடிக்க முடியாதே என்று நினைத்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

உனக்குக் கொடுத்த சத்தியத்தை நான் மீறவில்லை. நானாக மீறவும் மாட்டேன். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதிக் கெஞ்சுகிறேன். கம்பி எடுக்கும் நாளுக்கு முன்னால், பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பு. கூட ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், தம்பி. படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொள்ளாதே. வழக்கம்போலச் சிரி.

என்றும் உன் மேல் பிரியமுள்ள,
அக்கா