ஏலத்தில் எடுத்த தேக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
நவம்பர் 1943.

அன்பு மகள் இன்பத்துக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் கோலாரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் எங்கள் ஸ்தோத்திரம் சொல்லவும்.

தலைப்பிரசவத்துக்கு நீ வருமுன்னே அப்பா வீட்டை முடித்துவிட்டார். யுத்த காலத்தில் ஆணிகூடக் கிடைக்கவில்லை. ராஜபாளையம் மில்லுக்குப் பஞ்சுப் பேல் கட்டி வருகிற இரும்புப் பட்டைதான் நம் ஜன்னல் கம்பி. சுவர், கிருஷ்ணன்கோவில் பக்கம் இடிந்து கிடந்த சாவடிச் செங்கல். கூரை, மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்தது. மழை பெய்தால் பேசுவது காதில் விழாது. உன் அப்பா பேச்சுக்கு அதுவும் நல்லதுதான்.

கதவில்தான் வந்தது வினை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கோவிலில் பழைய தேக்குப் பலகைகளை விட்டார்கள். ஒருத்தரும் எதிர்த்துக் கேட்கவில்லை. ஒரே கேள்வியில் எடுத்துவிட்டேன் என்று அப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை. இழைத்து, மெருகு போட்டு, நம் ரங்கூன் வீட்டுக் கதவு மாதிரியே செய்து மாட்டினார்.

வீட்டு ஜெபத்துக்குச் சபையார் வந்தார்கள். ஒருத்தரும் கதவில் கை படாமல் ஒடுங்கி ஒடுங்கி நுழைந்தார்கள். காப்பியும் குடிக்கவில்லை. அடுத்த தெரு பரிபூரணம் அக்காதான் கதவைத் தடவிக்கொண்டே அழுதார்கள். அவிய வீட்டுக்காரரைக் கல்லறைக்குக் கொண்டுபோன பெட்டி இதுதான் என்றார்கள். நீ ரங்கூனில் வளர்ந்தவள், உனக்குத் தெரியாது. இங்கே சபையில் யார் இறந்தாலும் ஒரே பெட்டியில் வைத்துத்தான் தூக்கிப் போவார்கள், அடக்கம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள், தூம்பா என்று பெயர். புதிது செய்ததும் பழையதைப் பிரித்து ஏலம் விட்டிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் தெரியும், பர்மாவிலிருந்து நடந்து வந்த நமக்குத்தான் தெரியவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்கே அப்பா கதவைக் கழற்றிவிட்டார். இப்போது வாசலில் சாக்குதான் தொங்குகிறது. கழற்றியதை யாரும் வாங்க மாட்டார்கள், அடுப்பில் வைக்கவும் மனசில்லை. யார் முகத்திலும் முழிக்கக் கூசி, ஊரைச் சுற்றிக்கொண்டு மில்லுக்குப் போகிறார். அம்புட்டுப் பேச்சுப் பேசுகிற மனுசன் வாயே திறப்பதில்லை. நான் திட்டவும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாயிருக்கிறது.

இந்த வீட்டுக்குப் பிள்ளை பெற வா என்று எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது. உன் மாமியார் காதில் விழுந்தால் அனுப்ப மாட்டார்கள். மறைத்துக் கூப்பிடவும் மனம் வரவில்லை. நீயே அவர்களிடம் பக்குவமாகச் சொல்லம்மா.

இன்னொன்று. மீந்த பலகையில் அப்பா உன் பிள்ளைக்கு ஒரு தொட்டில் செய்து வைத்திருக்கிறார். விளிம்பெல்லாம் பூ செதுக்கியிருக்கிறார். கதவைக் கழற்றியவருக்கு அதை உடைக்கக் கை வரவில்லை. துணி போட்டு மூடி மூலையில் வைத்திருக்கிறார். உடைத்துப் போடுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

நீ வந்தால் அந்தத் துணியை விலக்கிப் பார்க்காதே. நான் ரங்கூனிலிருந்து உடுத்தி வந்த சேலை இருக்கிறது, அதில் தூளி கட்டித் தருகிறேன். அப்பாவுக்கு மட்டும், வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. கர்த்தர் உங்கள் இருவரையும் நல்லபடியாக இந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயபாய்