மரப் பலகையா, ஃபைபர் பலகையா?

என்னங்க,

நீர்ச்சறுக்குக்கு இழுக்கும் நம் ஸ்கி படகுக்கு மெக்கானிக் நாலு மணிக்கு வருவார். தண்ணீரிலிருந்து ஏறும் பின்பலகை மரமா, ஃபைபர் கிளாஸா என்று இன்றாவது சொல்லிவிடுங்கள்.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் படகுக்கு மரம் போட்டுவிட்டு, ஞாயிறுதோறும் மண்டியிட்டு அதற்கு எண்ணெய் தேய்க்கிறார். "என் தலைக்கு ஒரு நாள் தேய்ச்சிருப்பாரா?" என்கிறாள் அவர் மனைவி. மாடிவீட்டு வக்கீல் ஃபைபர் போட்டார்; அவர் மாமியார் வழுக்கித் தண்ணீருக்குள் போனார். மருமகன் வேண்டுமென்றே வழவழப்பாக வாங்கினாராம். தெருவே பேசுகிறது, நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன்.

சாப்பாடு மேஜையில். மேலே மூடியிருப்பது உங்கள் ஃபைபர் சாம்பிள். மர சாம்பிளில் வெங்காயம் நறுக்கினேன், வழுக்கவில்லை, மரமே போடுங்கள்.

பி.கு.: போன வாரம் பழைய பலகை பிய்ந்து, நானும் அதுவும் தண்ணீரில் விழுந்தபோது நீங்கள் பலகையைத்தான் முதலில் பிடித்தீர்கள். அது மிதக்கும். எனக்குத்தான் நீச்சல் தெரியாது.