மாட்டுக் கொட்டகை மேல் போகும் ஒயர்

புரட்டாசி 3, சனி

காலையிலிருந்து தூறல். குளியலறைச் சுவரைத் தொட்டால் சுர்ரென்கிறது. நேற்று மகள் அமுதா ஷாக்கடித்து வாளியோடு பின்னால் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. இன்று குளிக்கவே மாட்டேன் என்று அழுகை. ஏழு வயது, என்ன சொல்லிச் சமாளிப்பது?

கள்ளக்குறிச்சியிலிருந்து லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் இன்று வருவதாகச் சொல்லியிருந்தார். வரமாட்டார். எங்கள் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். வழி நெடுக புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. என் வீட்டுக்காரரும் விடிந்ததும் ரோட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சொன்னது: "ஏழுமல இருக்கசொல்ல இன்னாத்துக்கு டவுன் ஆளு?"

ஏழுமலை இவருடைய சித்தப்பா மகன். கொல்லை மோட்டார்களைக் கழற்றி மாட்டுவார். எங்கள் வீட்டுக்கு ஒயர் இழுத்ததும் அவர்தான். ஏதோ மிச்சமிருந்த பழைய ஒயர். கொட்டகைத் தகரத்தின் மேல் படுத்தபடியே குளியலறைக்குப் போகிறது. மழை வந்தால் ஃபியூஸ் போகும்.

ரேஷன் சர்க்கரை வாங்கவில்லை.

4, ஞாயிறு

ஏழுமலை வந்தார். கேட்டுவிடுவது என்று இருந்தேன். கேட்டேன். லைசென்ஸ் இருக்கா தம்பி? எர்த் போட்டீங்களா? டெஸ்டர் எங்கே?

"இன்னா அண்ணி, இன்ஸ்பெக்டர் மாரி கேக்கற? ஊர்ல பாதி வூடு நான் போட்டது. எவனாவது செத்தானா?"

சுவரைப் புறங்கையால் தொட்டுச் சிரித்தார். காலில் ரப்பர் செருப்பு. அமுதா வெறுங்காலோடு குளிப்பவள்.

இவரும் சேர்ந்து சிரித்தார். அதோடு சரி.

5, திங்கள்

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் பாதி காலி. சத்துணவுக்கு வந்த பிள்ளைகள் கொஞ்சம். பருப்பு மிச்சம்.

எங்கள் பள்ளிக்கு ஒயரிங் செய்த மாரிமுத்து நினைவுக்கு வந்தார். ஊருக்கு வெளியே இருக்கும் காலனிப் பையன், ஐ.டி.ஐ. முடித்து லைசென்ஸ் வாங்கியவர். வேலை செய்த நாளெல்லாம் மெயினை அணைத்துவிட்டு, யாரும் போடாதபடி ஃபியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஏணியில் ஏறினார். நான் பார்த்திருக்கிறேன். வேறென்ன பார்க்க வேண்டும் ஒரு ஆளிடம்?

சமையல்கார அம்மா மூலம் சொல்லி அனுப்பினேன். பள்ளிக்கூட வாசல் வரை வந்தார். முதல் கேள்வி: "வூட்ல அண்ணனுக்குத் தெரியுமாங்க?"

தெரியும் என்றேன். பொய்.

6, செவ்வாய்

மழை இல்லை. இவர் மறியலில். மாரிமுத்து தோட்டத்து வழியாக வந்தார். முன்வாசல் வேண்டாம் என்று அவரே சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வற்புறுத்தவில்லை.

மெயினை அணைத்தார். கொட்டகை ஒயரை எடுத்துக் காட்டினார். மேல்தோல் வெடித்து, உள்ளே கம்பி தெரிகிறது, தகரத்தில் பட்டுக்கொண்டு. அந்த லைனை மட்டும் கழற்றி முனையில் டேப் சுற்றினார்.

"இத்த யாரும் திரும்ப மாட்டக் கூடாதுங்க. புது ஒயர் வேணும். எர்த்தும் போடணும். கடை தொறக்கட்டும், வந்து முடிச்சுடறேன். அதுவரைக்கும் குளியல் ரூமுக்கு லைட்டு வேணாம்."

மோர் கொடுத்தேன். குடித்து முடிக்கவில்லை. இவர் வந்துவிட்டார்.

"யார்ரா உன்ன உள்ள வுட்டது?"

நான்தான் கூப்பிட்டேன் என்றேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாரிமுத்து பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

"ஊரே ரோட்ல நிக்குது. நீ அவன வூட்டுக்குள்ள கூட்டாந்து மோர் குடுத்துக்கினு இருக்க."

 இரவு இவர் சாப்பிடவில்லை.

8, வியாழன்

மறியலில் எங்கோ காலனிக் குடிசைகள் எரிந்ததாகப் பேச்சு. எந்த ஊர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காலனியில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவுக்காரர்களிடம் போய்விட்டார்கள். மாரிமுத்து அம்மாவை அழைத்துக்கொண்டு மெட்ராஸ் பக்கமாம். "இனிமே எங்க வரப்போவுது" என்றார் சமையல்கார அம்மா.

பள்ளியிலிருந்து வந்தால் குளியலறையில் லைட். ஏழுமலை வந்துபோயிருக்கிறார். டேப்பைப் பிரித்து அதே ஒயரை மாட்டிவிட்டார். ஃபியூஸில் தடிமனான கம்பி.

"இனிமே ஃபியூஸே போவாது," என்றார் இவர். சந்தோஷமாக.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். திரும்ப மாட்டினார். மறுபடி பிடுங்கினேன். கையிலிருந்து வாங்கி மாட்டிவிட்டு, "பைத்தியமாடி உனக்கு?" என்றார். அமுதாவைக் கண்டிப்பாக எச்சரித்தேன்: பின்பக்கமே போகாதே. எத்தனை நாள் கேட்பாள்?

10, சனி

விடியும்போது பெருமழை. கொட்டகையில் பசு செத்துக் கிடந்தது. கொம்பு பக்கச்சுவர்த் தகரத்தில் சாய்ந்திருந்தது. இவர் ஓடினார். "தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே மெயினை அணைத்தேன்.

அக்கம்பக்கம் கூடியது. ஏழுமலையும் வந்தார். ஒயர்தான் என்றேன், எல்லார் முன்பும். அவர் போய்த் தகரத்தில் இரண்டு கையையும் வைத்தார்.

"எங்க அடிக்குது? பாருங்கப்பா, தொட்டுக்கினுதான இருக்கேன்."

நான் மெயினை அணைத்ததால்தான் அடிக்கவில்லை என்றேன். யாருக்கும் காதில் விழவில்லை.

"நல்ல பாம்புண்ணா. வாயில நுர பாரு," என்றார் ஏழுமலை.

இவர் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பிறகு தலையாட்டினார். ஆமாம், பாம்புதான்.

மதியம் புதைத்தார்கள். பாம்பு வந்தால் தெரிய வேண்டுமாம், கொட்டகைக்குள் ஒரு லைட் போட நாளைக் காலையில் ஏழுமலை வருகிறார்.